உறையும் விறைப்பும்: மாதிரி வானூர்தி இறக்கை குறித்த கருத்துகளும் குற்றாலச் சாரல் வைக்கும் சோதனையும்

கேள்வியின் எல்லை

மாதிரி வானூர்தியின் இறக்கைச் சட்டத்தின்மேல் போர்த்தப்படும் உறை, காற்றைத் தாங்கும் பரப்பாக மட்டும் இருக்கிறதா, இறக்கையின் விறைப்பிலும் பங்கேற்கிறதா, பங்கேற்குமெனில் அந்தப் பங்கை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. விடைகள் முரண்படுவதற்கு ஒரு காரணம், விறைப்பும் வலிமையும் ஒன்றாகவே எண்ணப்படுவதாகும். வலிமை என்பது முறிவதற்கு முன் ஒரு பொருள் தாங்கும் சுமையையும், விறைப்பு என்பது சுமை ஏறும்போது அது எவ்வளவு குறைவாக உருமாறுகிறது என்பதையும் குறிக்கின்றன. முறியாத இறக்கைகூடப் பறக்கும்போது முறுக்கிக்கொண்டு கட்டுப்பாட்டை இழக்கச் செய்யலாம்.

விறைப்பிலும் இரு வகைகளைப் பிரித்துக் காண வேண்டும். இறக்கையின் நுனி மேல்நோக்கி வளைவதைத் தடுப்பது வளைவு விறைப்பு. இதைப் பெரும்பாலும் ஸ்பார் எனப்படும் நீளவாக்கு முதுகுச் சட்டமே தருகிறது. இறக்கை தன் நீளத்தை அச்சாகக் கொண்டு திருகுவதைத் தடுப்பது முறுக்கு விறைப்பு. உறை குறித்த விவாதம் உண்மையில் இந்த இரண்டாவதைப் பற்றியதே.

இந்த விவாதத்தைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் தட்பவெப்பத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்திருப்பதால், சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கத்து ஈரக்காற்று அவ்வழியே பாய்ந்து வந்து சாரலாகத் தூவுகிறது. அருவிகள் பெருகும் அந்தப் பருவத்தையே மக்கள் சீசன் என்கின்றனர். அதே ஊர்கள் கோடையில் மழைமறைவுப் பகுதிக்குரிய வறட்சியையும் வெயிலையும் காண்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள் பரிந்துரைக்கும் உறைகள் பெரும்பாலும் இந்த இரு எல்லைகளையும் ஒரே ஆண்டுக்குள் காணாத பட்டறைகளில் சோதிக்கப்பட்டவை.

இழுவிசையை நம்பிய மரபு

மிகப் பழைய விடை, உறை இறுக்கமாக இருந்தால் இறக்கை விறைப்பாக இருக்கும் என்பது. ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு வானூர்தியில் மஸ்லின் பருத்தித் துணியை அதன் இழைகள் சட்டங்களுக்கு 45 பாகைச் சாய்வில் அமையுமாறு பொருத்தி, துணியையே குறுக்குத் தாங்கியாகப் பயன்படுத்தினர். ஆயினும் இறக்கையை முறுக்கியே பக்கச் சமநிலையைக் காத்தவர்கள் என்பதால், முறுக்கு விறைப்பு அவர்களுக்கு ஓரளவுக்கு மேல் வேண்டாத குணமாகவே இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். முன்னோடிகளின் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அடுத்து வந்தது டோப். செல்லுலோசை அமிலத்தால் மாற்றி, கரைப்பானில் கரைத்துச் செய்யப்படும் இந்தப் பூச்சு காயும்போது சுருங்கி, துணியையோ தாளையோ இழுத்துப் பிடிக்கிறது. நுண்துளைகளை அடைத்து, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்தும் விடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் லினன் துணியும் டோப்பும் சேர்ந்த உறையே வானூர்திகளின் பொது வழக்கமாயிற்று. இந்தியாவிலும் இம்மரபு நெடுங்காலம் நீடித்தது. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 1958இல் பறக்கவிட்ட புஷ்பக் பயிற்சி வானூர்தி துணி போர்த்தியது, எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து 1961இல் முதன்முதலாகப் பறந்த ரோகிணி மிதவை வானூர்தி (கிளைடர்) மரத்தாலும் துணியாலும் ஆனது.

மாதிரி வானூர்தியில் துணியின் இடத்தை டிஷ்யூ தாள் பிடித்தது. சப்பானிய வகைத் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் எடையே உள்ளது; டோப் ஏறிய பிறகும் அதன் எடை பெரும்பாலான உறைகளைவிடக் குறைவு. தாளுக்கு இழையோட்டம் உண்டு. இழை ஓடும் திசையில் வலிமை மிகுதியாகவும் குறுக்கே சுருக்கம் மிகுதியாகவும் இருப்பதால், எந்தத் திசையில் ஒட்டுவது என்பதே கைத்திறனின் ஒரு பகுதியாகிறது. சற்றுப் பெரிய மாதிரிகளுக்குப் பட்டுத் துணியும், பின்னாளில் பாலியெஸ்டர் இழைத் தாளும் இவ்வாறே பயன்பட்டன.

இம்மரபின் குறைகள் ஈரத்தில் வெளிப்படுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது டோப் பூசினால், கரைப்பான் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, செல்லுலோசு கரைசலிலிருந்து பிரிந்து வெண்மையாகப் படர்கிறது. இந்த வெளிறல் தோற்றக் குறை மட்டுமன்று. வெளிறிய படலம் ஒட்டுறுதி குறைந்ததாகவும் இருக்கிறது. சாரல் பருவத்தில் குற்றாலத்தில் திறந்த இடத்தில் டோப் பூசுவது ஏன் பலனளிக்காது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பூச்சு சரியாக அமைந்தாலும், தாளும் மரமும் ஈரத்தை உறிஞ்சுவதால் காலையில் இறுகியிருந்த உறை சாரலில் தளர்கிறது. மறுபுறம், டோப் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருப்பதால், கோடை முழுதும் வைக்கப்பட்ட மெல்லிய இறக்கை கோணிப்போகலாம். பூச்சில் சிறிது ஆமணக்கெண்ணெய் கலப்பது இதை மட்டுப்படுத்துமெனினும், இறுக்கத்தையும் அதே அளவுக்குக் குறைத்துவிடுகிறது.

மூடிய குழாய்க் கொள்கை

இரண்டாவது விடை, உறையின் இறுக்கத்தைப் பொருட்படுத்தாமல் அதன் வடிவத்தைக் கருதுகிறது. செர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் பிரெட் 1896இல் மெல்லிய சுவருடைய மூடிய குழாயின் முறுக்கு விறைப்பைக் கணிக்கும் வாய்பாட்டை வெளியிட்டார். அதன்படி விறைப்பு, குழாய் அடைக்கும் பரப்பின் இருபடியோடும் சுவரின் தடிமனோடும் உயர்கிறது. சுற்றளவு கூடக் குறைகிறது. குழாய் ஓரிடத்தில் திறந்திருந்தாலோ, பரப்பின் பங்கு முற்றிலும் மறைந்து, தடிமனின் மும்மடி என்ற மிகச் சிறிய அளவே எஞ்சுகிறது. தாளைச் சுருட்டி விளிம்பை ஒட்டிய குழலையும், அதையே நீளவாக்கில் கிழித்த குழலையும் திருகிப் பார்ப்பவர்க்கு இது உடனே விளங்கும்.

இறக்கையில் இக்கொள்கையைத் தெளிவாகச் செயல்படுத்தியது 1921இல் ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சார்ந்தோர் உருவாக்கிய வாம்பீர் என்னும் மிதவை வானூர்தி. அதன் ஒற்றை ஸ்பாருக்கு முன்னால் உள்ள பகுதி முழுதும் ஒட்டுப்பலகையால் மூடப்பட்டு முறுக்கைத் தாங்கும் குழாயாயிற்று. பின்பகுதிக்குத் துணி போதுமானதாக இருந்தது. மாதிரி வானூர்தி கட்டுவோர் இன்று டி-பாக்ஸ் என்று அழைக்கும் அமைப்பு இதன் வழிவந்ததே: முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் பால்சா என்னும் இலகு மரத்தின் மெல்லிய பலகை, ஸ்பாரின் மேல்தண்டுக்கும் கீழ்த்தண்டுக்கும் இடையே செங்குத்து இழையோட்டமுள்ள தடுப்புச் சுவர்.

ஒரு மேலோட்டமான கணக்கு இதன் ஆற்றலைக் காட்டும். 200 மி.மீ. அகலமும் 24 மி.மீ. தடிமனும் உள்ள இறக்கையில், முன்பக்கம் 60 மி.மீ. வரை 1.5 மி.மீ. பலகையால் மூடினால், அடைபடும் பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர மி.மீ., சுற்றளவு ஏறத்தாழ 155 மி.மீ. ஆகும். பிரெட் வாய்பாட்டின்படி முறுக்கு மாறிலி 47,000 மி.மீ.⁴ அளவில் வருகிறது. தடுப்புச் சுவரை விட்டுவிட்டால் அதே பலகை திறந்த வடிவமாகி, மாறிலி 150 மி.மீ.⁴ அளவுக்குச் சரிகிறது. ஏறத்தாழ முந்நூறு மடங்கு வேறுபாடு. எடை மிச்சம் என்று கருதி ஸ்பார்ச் சுவரை விட்டுவிட்டு, முன்விளிம்புப் பலகையை மட்டும் கவனமாக ஒட்டும் வழக்கம் எவ்வளவு வீணான உழைப்பு என்பது இதனால் புலப்படும்.

இக்கொள்கையின் விலை எடை. கன மீட்டருக்கு 120 கிலோ அடர்த்தியுள்ள பால்சாவில் 1.5 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு 180 கிராம் ஆகிறது. அது டோப் இல்லாத டிஷ்யூவின் பதினைந்து மடங்கு. மேலும், மூடிய குழாய் பசையின் தொடர்ச்சியை நம்பியே நிற்கிறது. 1918இல் ஃபாக்கர் நிறுவனத்தின் ஒற்றை இறக்கைப் போர் வானூர்தி, பலகை மூடிய இறக்கையைக் கொண்டிருந்தும், தொடர்ந்து இறக்கை முறிந்து விபத்துக்குள்ளானது. பின் ஸ்பாரைத் தடிமனாக்கும்படி அதிகாரிகள் வற்புறுத்தியதால் சுமையின்கீழ் இறக்கை முறுக்கிக்கொண்டது என்று அந்தோனி ஃபாக்கர் பின்னாளில் விளக்கினார்; விசாரணையோ கட்டுமானக் குறைகளையும் ஈரம் புகுந்து பசையிணைப்புகள் கெட்டதையும் சுட்டியது. இரு விளக்கங்களில் எது முதன்மை என்பதைவிட, பலகை உறையும் ஈரத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதே இங்கு கருதத்தக்கது.

இரண்டுக்கும் இடையே: வாக்னரின் விளக்கம்

மெல்லிய தாள் தன் தளத்தில் நெருக்கத்தைத் தாங்க இயலாது; உடனே சுருக்கம் விழுகிறது. அப்படியிருக்க அது முறுக்கை எவ்வாறு தடுக்கும்? இதற்கான விளக்கத்தை ஹெர்பர்ட் வாக்னர் 1929இல் மெல்லிய உலோகத் தகடுகளை முன்வைத்துத் தந்தார். சட்டத்தில் பொருத்தப்பட்ட மெல்லிய தகட்டின்மேல் சறுக்குப் பெயர்ச்சி விசை, அதாவது செவ்வகத்தைச் சாய்சதுரமாக்க முயலும் விசை, செயல்படும்போது ஒரு மூலைவிட்டத் திசையில் நெருக்கமும் மற்றதில் இழுப்பும் தோன்றுகின்றன. நெருங்கும் திசையில் சுருக்கம் விழுந்த பின்பும், இழுபடும் திசையில் அத்தகடு எண்ணற்ற சாய்வு நாண்களாக நின்று சுமையைச் சுமக்கிறது. முழுமையாகச் சுருக்கம் விழுந்த நிலையிலும் மூல விறைப்பில் பாதிக்கு மேல் எஞ்சுகிறது என்பதே இக்கோட்பாட்டின் வியப்பூட்டும் முடிவு.

இதை மாதிரி இறக்கைக்குப் பொருத்தும்போது இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, டிஷ்யூ இறக்கை முழுவதையும் சுற்றி மூடுவதால் அது அடைக்கும் பரப்பு மேற்கண்ட டி-பாக்சின் மூன்று மடங்கு. இருபடி எடுத்தால் ஒன்பது மடங்கு. 0.03 மி.மீ. தடிமனே உள்ள தாள் என்று கொண்டாலும் முறுக்கு மாறிலி 3,000 மி.மீ.⁴ அளவுக்கு வருகிறது. டோப் ஏறிய தாளின் விறைப்புக் குணகம் பால்சாவினுடையதைவிடப் பல மடங்கு கூடுதலானது என்பதால் வேறுபாடு மேலும் குறுகுகிறது. தாள் உறை விறைப்புத் தராது என்று ஒதுக்கும் கட்சி இக்கணக்கின் முன் நிற்பதில்லை.

இரண்டாவது செய்தி முதலாவதின் மகிழ்ச்சியைக் குறைக்கிறது. வாக்னரின் நாண்கள் வேலை செய்யத் தொடங்க, உறை முன்னமே தளர்வின்றி இருக்க வேண்டும். ஈரத்தில் தொய்ந்த தாள், தன் தொய்வு தீரும்வரை எதிர்ப்புத் தருவதில்லை. அந்தச் சிறு முறுக்குகளிலேயே இறக்கையின் அதிர்வு தோன்றுகிறது. எனவே இழுவிசையின் வேலை விறைப்பை உண்டாக்குவதன்று. விறைப்பு தொடக்கத்திலிருந்தே செயல்படுவதற்கு வழிசெய்வது. உறையை விரலால் தட்டி, கணீரென்ற ஓசை கேட்டால் இறக்கை விறைப்பானது என்று தீர்மானிக்கும் பழக்கம் இவ்விரண்டையும் குழப்புகிறது. ஓசை இழுவிசையைச் சொல்லும். விறைப்பை இறக்கையைத் திருகிப் பார்த்தே அறிய முடியும்.

பிளாஸ்டிக் படலங்கள்

1960களில் மோனோகோட் என்ற பெயரில் பரவிய, வெப்பத்தால் ஒட்டிச் சுருங்கும் பாலியெஸ்டர் படலம், டோப்பின் நெடியையும் காத்திருப்பையும் நீக்கியது. பின்னர் வந்த ஒராகவர் போன்றவையும் இஸ்திரிப் பெட்டி போன்ற சிறு கருவியால் ஒட்டப்படுகின்றன. எடை சதுர மீட்டருக்கு 60 முதல் 70 கிராம்; மெல்லிய வகைகள் அதில் பாதி. பாலியெஸ்டர் மிகக் குறைந்த அளவே ஈரத்தை உறிஞ்சுவதால், சாரலுக்கு ஏற்ற உறை இதுவே என்று தோன்றும்.

தோற்றம் ஓரளவே உண்மை. படலத்தைச் சட்டத்தோடு இணைக்கும் பசை வெப்பத்தில் இளகும் மென்மையான அடுக்கு. டோப் தாளை மரத்தோடு பிணைப்பது போல அது பிணைப்பதில்லை. விசை படலத்துக்குச் செல்லும் வழியிலேயே சிறிது நழுவிவிடுகிறது. படலம் ஈரத்தில் மாறாவிட்டாலும், அதன் அடியிலுள்ள பால்சா ஈரம் கொண்டும் இழந்தும் அளவு மாறுவதால் சுருக்கம் விழத்தான் செய்கிறது. கோடையில் வேறொரு தொல்லை: பாலியெஸ்டர் 70 பாகை செல்சியசுக்கு மேல் நெகிழத் தொடங்கும் பொருள், வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் அடர்நிற இறக்கை அந்த எல்லையை நெருங்கக்கூடும். மீண்டும் சூடு காட்டி இறுக்கலாம் என்பது இதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் மேற்புறமும் கீழ்ப்புறமும் சமமாகச் சுருங்காவிட்டால் இறக்கையில் கோணல் நிலைத்துவிடும் என்ற எச்சரிக்கையையும் உடன் சொல்ல வேண்டும். மைலார் எனப்படும் மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை முதலில் ஒட்டி, அதன்மேல் டிஷ்யூவை டோப்பால் பதிக்கும் கலப்பு முறை, தாளின் விறைப்பையும் படலத்தின் கிழியாமையையும் இணைக்க முயல்கிறது. உழைப்பு இரட்டிப்பானாலும், சிறிய மாதிரிகளுக்கு இதை மறுக்கத் தக்க காரணம் அரிது.

உறையை நம்பாதோர்

உறையிடம் விறைப்பை எதிர்பார்க்கவே கூடாது என்பது மற்றொரு கட்சி. 1936இல் பறந்த வெலிங்டன் குண்டுவீச்சு வானூர்தியின் சட்டம் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த, சாய்வாகக் குறுக்கிட்டுப் பின்னிய வலையமைப்பு. துணி உறைக்கு அங்கே சுமை தாங்கும் பொறுப்பு இல்லை. மாதிரிகளில் இதன் எளிய வடிவம், விலாச் சட்டங்களை நேராக வைக்காமல் ஸ்பாருக்கும் பின்விளிம்புக்கும் இடையே முக்கோணங்களாகச் சாய்த்து வைப்பது. உறை தொய்ந்தாலும் விறைப்பு மாறாது என்ற ஒரே காரணத்துக்காகவே ஈரமான ஊர்களில் இது மதிப்புப் பெற வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் கோணம் பார்த்து வெட்டவேண்டிய உழைப்பும், விலாக்களுக்கிடையே உறை உள்வாங்கிக் குறுக்குவெட்டு வடிவம் கெடுவதும் இதன் குறைகள்.

தெர்மக்கோல் போன்ற நுரைப்பொருளை வெட்டி இறக்கையாக்குவோருக்குச் சட்டமே இல்லை. அங்கு பேக்கிங் டேப்போ, நீர்ப்பசையில் ஒட்டிய பழுப்புத் தாளோ, எபாக்சியில் தோய்த்த கண்ணாடியிழைத் துணியோ உறையாகிறது. இழைகள் நீளவாக்கில் இருந்தால் வளைவையும், 45 பாகைச் சாய்வில் இருந்தால் முறுக்கையும் அவை தடுக்கின்றன. சதுர மீட்டருக்கு 49 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியைச் சாய்வாக வெட்டிப் போர்த்துவது, அதே துணியை நேராகப் போர்த்துவதைவிடப் பயன் மிக்கது என்பது எளிதில் மறக்கப்படுகிறது. தென்காசி மாவட்டத்தின் கிழக்குச் சமவெளியில் நிற்கும் காற்றாலைகளின் இறகுகள் இவ்விதியையே பேரளவில் பின்பற்றுகின்றன: கண்ணாடியிழை ஓடு, உள்ளே தடுப்புச் சுவர், இரண்டிலும் முறுக்குக்கென்று சாய்விழை அடுக்குகள். கணவாய்க் காற்றில் பறக்கப்போகும் மாதிரிக்கான பாடம் அந்த வயல்களிலேயே நிற்கிறது எனலாம்.

எவ்வளவு விறைப்புப் போதும்?

இதுவரை கண்ட கட்சிகள் ஒவ்வொன்றும் தன் உறை போதுமானது என்றே சொல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உண்மையும்கூட. போதுமான அளவு என்பது உறையின் குணமன்று, வேகத்தின் குணம் என்பதே காரணம். காற்று இறக்கையின்மேல் செலுத்தும் இயக்க அழுத்தம் வேகத்தின் இருபடியாக உயர்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தானே மிதக்கும் மாதிரிக்கு அது சதுர மீட்டருக்கு 15 நியூட்டன். நொடிக்கு 25 மீட்டர் பறக்கும் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிக்கு 375. மலைச்சரிவுக் காற்றில் 50 மீட்டர் வேகத்தில் பாயும் மிதவை மாதிரிக்கு 1,500. நூறு மடங்கு வேறுபாட்டுக்கு ஒரே பரிந்துரை பொருந்தும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

விறைப்புப் போதாதபோது இரு வகை ஆபத்துகள் நேர்கின்றன. தூக்குவிசை இறக்கையின் அகலத்தில் முன்பக்கம் கால் பங்கு தொலைவில் செயல்பட, முறுக்கு அச்சு அதற்குப் பின்னே அமைந்தால், இறக்கை முன்விளிம்பை மேல்நோக்கித் திருப்புகிறது. திருப்பம் தூக்குவிசையைக் கூட்ட, அது திருப்பத்தை மேலும் கூட்டுகிறது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் இதற்கு எல்லை இல்லை, இறக்கை முறியும். ஃபிளட்டர் எனப்படும் இரண்டாவது ஆபத்தில், வளைவும் முறுக்கும் ஒன்றையொன்று தூண்டி, காற்றிலிருந்தே ஆற்றலைப் பெற்று நொடிப்பொழுதில் பெருகும் அதிர்வாகின்றன. டி-பாக்ஸ் முறுக்கு அச்சை முன்னோக்கி நகர்த்துவதால் முதல் ஆபத்தில் இரட்டை நன்மை தருகிறது; இதை அதன் ஆதரவாளர்களே போதிய அளவு வலியுறுத்துவதில்லை. பின்விளிம்பில் எடை கூட்டும் தடித்த உறை, விறைப்பைச் சிறிது கூட்டினாலும் எடைமையத்தைப் பின்தள்ளி ஃபிளட்டரை அழைப்பதும் உண்டு.

இந்த அளவுகோலில், ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வீசும் பருவத்தில் பறக்கும் மாதிரிக்குக் காற்றை எதிர்த்து முன்னேறும் வேகம் தேவைப்படுகிறது. ஆகவே ஈரத்தால் உறை தளர்ந்திருக்கும் அதே நாளில்தான் விறைப்பின் தேவையும் உச்சத்தில் இருக்கும்.

முடிவாகாதவை

மேற்கண்டவற்றுள் மூடிய குழாய்க் கொள்கையும் வாக்னரின் விளக்கமும் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றவை. தாள், படலம் ஆகியவற்றின் பங்கு காலப்போக்கில் எப்படித் தேய்கிறது என்பதில்தான் கருத்து ஒருமிக்கவில்லை. ஈரமும் வெப்பமும் மாறிமாறி வரும் ஓராண்டுச் சுழற்சிக்குப் பின் டோப்பிட்ட தாள் தன் விறைப்பில் எவ்வளவை இழக்கிறது, படலத்தின் பசையடுக்கு எவ்வளவு நழுவுகிறது என்பவற்றில் ஒவ்வொரு கட்சியும் தன் அனுபவத்தையே சான்றாகக் காட்டுகிறது. ஒரே சட்டத்தின்மேல் வெவ்வேறு உறைகளைப் போர்த்தி ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு: பால்சாவின் அடர்த்தி பலகைக்குப் பலகை பெரிதும் மாறுவதால், உறையின் பங்கையும் மரத்தின் பங்கையும் பிரித்தறிவது எளிதன்று.

ஆயினும் அளவிடும் முறை கடினமானதன்று. இறக்கையின் அடியை இறுகப் பிடித்து, நுனியில் குறித்த நீளமுள்ள கையொன்றைப் பொருத்தி, அதில் எடை தொங்கவிட்டு, திருப்பத்தைப் பாகையில் குறித்தால் போதும். அதோடு அன்றைய ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் எழுதி வைத்து, சாரல் பருவத்தில் ஒருமுறையும் பங்குனி வெயிலில் ஒருமுறையும் அளவிட வேண்டும். அத்தகைய பட்டியல்கள் சேரும்வரை இவ்வட்டாரத்தில் மாதிரி கட்டுவோர் முறுக்குத் தாங்கும் பொறுப்பைத் தடுப்புச் சுவருள்ள டி-பாக்சிடமோ சாய்வு விலாக்களிடமோ ஒப்படைத்து, தாளோ படலமோ தரும் விறைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பானது.